வேண்டாத பைப் ஆர்கனுக்குப் புது வீடு: எந்த வழி யாருக்குப் பொருந்தும்?

இங்கிலாந்தில் ஆலயக் கமிட்டிகளில் இருக்கும் நம்மவர்கள் பலர் கேட்கும் கேள்வி இது. ஆலயம் மூடப்போகிறது, அல்லது பக்கத்துச் சபையோடு சேரப்போகிறது, இல்லையென்றால் பின்பக்கம் புது அறைகள் கட்ட இடம் வேண்டும். பெஞ்சுகளை வாங்க ஆள் வந்தாயிற்று, மணிக்குக்கூட ஆள் வந்தாயிற்று. நூறு வருஷத்துக்கு மேல் பழைய பைப் ஆர்கன் மட்டும் அப்படியே நிற்கிறது. பழைய மெதடிஸ்ட் சேப்பலை வாங்கிய தமிழ்ச் சபைகளுக்கு வேறு விதமான சங்கடம்: கட்டிடத்தோடு ஆர்கனும் வந்துவிட்டது, வாசிக்க ஆள் இல்லை, அது அடைத்திருக்கும் இடம் ஞாயிறு பள்ளிக்கு வேண்டியிருக்கிறது.

விற்பதா, சும்மா கொடுப்பதா, வெளிநாட்டுக்கு அனுப்புவதா, பிரித்துக் கிடங்கில் வைப்பதா, பூட்டிவிட்டு அப்படியே விடுவதா? ஒவ்வொன்றுக்கும் பொருந்துகிற சூழ்நிலை உண்டு, வெளியே தெரியாத செலவும் உண்டு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆர்கனை இடம் மாற்றுவது அவமானமோ பாவமோ அல்ல. டியூக்ஸ்பரி அபே என்ற பழைய ஆலயத்தில் இருக்கும் ஆர்கனின் கதையைப் பாருங்கள். ஆக்ஸ்ஃபோர்டின் மாடலின் கல்லூரிக்காக 1631இல் செய்தது. கிராம்வெல் காலத்தில் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனைக்குப் போனது, முடியாட்சி திரும்பியதும் ஆக்ஸ்ஃபோர்டுக்கே வந்தது, 1737இல் டியூக்ஸ்பரிக்கு விற்கப்பட்டது. அதே அபேயில் நிற்கும் இன்னொரு பெரிய ஆர்கன் 1885 லண்டன் கண்காட்சிக்காகச் செய்தது. ஆர்கன் செய்பவரான ஹென்றி வில்லிஸ் 1851 மாபெரும் கண்காட்சியில் வைத்த ஆர்கனின் பெரும்பகுதிதான் 1854இல் வின்செஸ்டர் கதீட்ரலுக்குப் போனது. கதீட்ரல்களே இரண்டாம் கை ஆர்கன் வாங்கிய நாடு இது.

## எதை வைத்து முடிவு செய்வது?

வழிகளை ஒப்பிடும் முன் ஆறு விஷயங்கள் கையில் இருக்க வேண்டும்.

தரம். யார் செய்தது, எப்போது, பின்னால் யார் கை வைத்தார்கள்? பிரிட்டனில் இருக்கும் ஆர்கன்களின் விவரம், ஸ்டாப் (இழுத்தால் ஒரு குழாய் வரிசையை ஒலிக்க வைக்கும் குமிழ்) பட்டியலோடு, நேஷனல் பைப் ஆர்கன் ரெஜிஸ்டரில் கிடைக்கிறது. பிரிட்டிஷ் இன்ஸ்டிட்யூட் ஆஃப் ஆர்கன் ஸ்டடீஸ் வரலாற்று முக்கியத்துவம் உள்ள ஆர்கன்களுக்குத் தரச் சான்றிதழ் கொடுக்கிறது. உங்களுடையதற்குச் சான்றிதழ் இருந்தால் கதையே வேறு. அதைப் பிரிப்பதற்குச் சொல்லும் காரணம் மிக வலுவாக இருக்க வேண்டும்.

உயரமும் எடையும். எட்டடி ஸ்டாப்பின் மிகப் பெரிய திறந்த குழாய் ஒலிக்கும் நீளம் மட்டும் சுமார் 2.4 மீட்டர். அதற்குக் கீழே குழாயின் கால் வேறு. பதினாறடி திறந்த குழாய் என்றால் ஐந்து மீட்டரை நெருங்கும். பதினைந்து ஸ்டாப் உள்ள, இரண்டு மேனுவல் (கையால் வாசிக்கும் கட்டை வரிசை) கொண்ட ஒரு சாதாரண ஆர்கனை எடுத்துக்கொள்ளுங்கள். மேனுவலில் பன்னிரண்டு ஸ்டாப், ஒவ்வொன்றுக்கும் 56 குழாய். காலால் வாசிக்கும் பெடலில் மூன்று ஸ்டாப், ஒவ்வொன்றுக்கும் 30. மொத்தம் 762 குழாய். இதோடு குழாய்கள் நிற்கும் காற்றுப்பெட்டிகள், துருத்தி, சட்டங்கள், காற்றை ஊதும் புளோவர். பல டன் சமாச்சாரம்.

உடல்நிலை. இதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

காலம். கட்டிடம் எப்போது கைமாறுகிறது? நடைமுறையில் பெரும்பாலும் இதுதான் முடிவைத் தீர்மானிக்கிறது. இரண்டு வருஷம் இருந்தால் எல்லா வழியும் திறந்திருக்கும். இரண்டு மாதம் என்றால் கிடங்கோ பழைய உலோகக் கடையோதான் மிஞ்சும்.

பணம். ஆர்கனுக்கு விலை என்று பெரிதாக ஒன்றும் வராது. பெரும்பாலும் இலவசம்தான், அல்லது பெயருக்கு ஒரு தொகை. பிரிக்க, ஏற்ற, கொண்டுபோக, பழுது பார்க்க, மறுபடி கட்ட, புது அறைக்கேற்ப ஒலி திருத்த ஆகும் செலவுதான் உண்மையான விலை. அது பல பத்தாயிரம் பவுண்டுக்குப் போகும்.

பத்தாவது வருஷம். புது வீட்டில் பத்து வருஷம் கழித்து அதை வாசிப்பது யார், டியூனிங்குக்குப் பணம் தருவது யார்? என்னைக் கேட்டால் மற்ற ஐந்தையும்விட இதுதான் முக்கியம். முதல் வருஷத்தில் எல்லோருக்கும் உற்சாகம் இருக்கும்.

### பல்லைப் பிடித்துப் பார்ப்பது எப்படி

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். ஆர்கன் விஷயத்தில் கட்டாயம் பார்க்க வேண்டும், கொடுப்பவரும் சரி, வாங்குபவரும் சரி.

புளோவரைப் போட்டுவிட்டு எந்தக் கட்டையையும் தொடாமல் ஒரு நிமிஷம் கேளுங்கள். காற்று ஒழுகும் சத்தம் எங்கிருந்து வருகிறது? அப்புறம் ஒரே ஒரு ஸ்டாப்பை இழுத்து, கீழிருந்து மேல்வரை ஒவ்வொரு கட்டையாக அழுத்துங்கள். ஊமையாக இருப்பவை, விட்ட பிறகும் கத்திக்கொண்டே இருப்பவை, பக்கத்துக் குழாயையும் சேர்த்து முனக வைப்பவை என்று குறித்துக்கொண்டே வாருங்கள். மூன்றாவது வகைதான் கவலை தருவது. ஆலயத்து ஹீட்டரின் உலர்ந்த சூட்டில் காற்றுப்பெட்டியின் மரம் வெடித்து, காற்று ஒரு வாய்க்காலிலிருந்து இன்னொன்றுக்குக் கசிகிறது என்று அர்த்தம். அதைச் சரிசெய்ய முழுப் பெட்டியையும் கழற்ற வேண்டும்.

உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். ஈயம் அதிகம் கலந்த பெரிய குழாய்கள் தங்கள் எடையாலேயே கால் நசுங்கிச் சாய்ந்திருக்கும். சின்னக் குழாய்களின் மேல் விளிம்பு, கூம்பு வைத்துத் தட்டித் தட்டி டியூன் செய்ததில் கிழிந்திருக்கும். கட்டைக்கும் குழாய்க்கும் நடுவே காற்றழுத்தத்தால் இயங்கும் வகையாக இருந்தால் உள்ளே இருக்கும் குட்டித் தோல் பைகளில் ஒன்றை விரலால் மெல்லத் தொடுங்கள். மிருதுவாக மடங்கினால் நல்லது, பொடியாக உதிர்ந்தால் எல்லாத் தோலையும் மாற்றியாக வேண்டும். கட்டையிலிருந்து குழாய்வரை மரக் கம்பிகளே இழுக்கும் டிராக்கர் வகைக்கு இந்தத் தொல்லை குறைவு. பழைய டிராக்கர் ஆர்கன்களுக்கு வெளிநாடுகளிலும் கிராக்கி இருப்பதற்கு இது ஒரு காரணம்.

புளோவர் பெட்டியின் உட்புறத்தை மட்டும் நீங்களாகத் திறந்து நோண்டாதீர்கள். பழைய பெட்டிகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். இருந்தால் அதை எடுக்கவே தனி ஆட்கள், தனிச் செலவு.

### அனுமதி

சர்ச் ஆஃப் இங்கிலாந்து ஆலயமானால், திருமண்டலத்தின் ஃபேகல்ட்டி அனுமதி இல்லாமல் ஆர்கனை விற்கவோ அகற்றவோ முடியாது. திருமண்டல ஆலோசனைக் குழுவில் ஆர்கனுக்கென்றே ஒரு ஆலோசகர் இருப்பார். அவரை முதல் வாரமே கூப்பிடுங்கள், கடைசியில் அல்ல. மெதடிஸ்ட், கத்தோலிக்க, யுனைட்டட் ரிஃபார்ம்ட் சபைகளுக்கு அவரவர் நடைமுறை உண்டு. பாதுகாக்கப்பட்ட கட்டிடம் சபையின் கையை விட்டுப் போனபின், உள்ளே நிலையாகப் பொருத்திய ஆர்கனையும் கட்டிடத்தின் பகுதியாகவே சட்டம் பார்க்கலாம். இதற்கெல்லாம் மாதக்கணக்கில் ஆகும்.

## ஒரே பார்வையில்

| வழி | பெரும் செலவு யாருக்கு | வேண்டிய கால அவகாசம் | முக்கிய ஆபத்து |
|---|---|---|---|
| இருக்கும் இடத்திலேயே விடுவது | இப்போது யாருக்கும் இல்லை | இல்லை | மறதி, ஈரம், திருட்டு |
| உள்நாட்டில் இன்னொரு ஆலயம் | வாங்கும் சபைக்கு | ஒன்றிரண்டு வருஷம் | பணம் சேராமல் பின்வாங்குவது |
| வெளிநாடு | வாங்குபவருக்கு | ஒரு வருஷமாவது | சுங்கம், தந்தம், மின்சாரம் |
| பள்ளி, அரங்கம் | நிறுவனத்துக்கு | ஒன்றிரண்டு வருஷம் | நிர்வாகம் மாறுவது |
| தனி வீடு | ஆர்வலருக்கு | சில மாதம் | அடுத்த தலைமுறை |
| கிடங்கு | உங்களுக்கு | சில வாரம் | முடிவே வராதது |
| பாகங்களாகப் பிரிப்பது | கொஞ்சம் உங்களுக்கு | சில வாரம் | திரும்ப வராது |

## இருக்கும் இடத்திலேயே விடுவது

இதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். நிறைய ஆர்கன்கள் உண்மையில் வேண்டாதவை அல்ல, வாசிக்க ஆள் இல்லாதவை. ஒரு தலைமுறை கழித்து ஆள் வரலாம். ஆர்கன் என்பது அந்த அறைக்காகவே குரல் திருத்தப்பட்ட வாத்தியம். அதே அறையில் இருப்பதைப் போன்ற நல்ல வீடு அதற்கு வேறு கிடையாது.

பூட்டி வைப்பதற்கும் கைவிடுவதற்கும் வித்தியாசம் உண்டு. கூரை ஒழுகாமல் இருக்க வேண்டும், எலி புகாமல் இருக்க வேண்டும், மாதம் ஒருமுறையாவது புளோவரைப் போட்டு எல்லாக் கட்டையையும் ஓட்டிவிட வேண்டும். புதுச் சொந்தக்காரர் அந்தக் கட்டிடத்தை வீடாகவோ உடற்பயிற்சிக் கூடமாகவோ மாற்றப்போகிறார் என்றால் இந்த வழி கிட்டத்தட்ட அடைபட்டது. தச்சர்கள் வந்து தூசி கிளப்பும்போது குழாய்களை யார் மூடுவார்கள்? காலியான கட்டிடத்தில் உலோகத் திருடர்கள் முதலில் பார்ப்பது கூரை ஈயத்தை, அடுத்து குழாய்களை.

சேப்பலை வாங்கிய தமிழ்ச் சபைகளுக்கு நான் சொல்வது: அவசரப்படாதீர்கள். ஒரு ஆர்கன் பில்டரை அழைத்து, முழுப் புதுப்பிப்புக்கு அல்ல, அதை வாசிக்கும் நிலைக்குக் கொண்டுவர மட்டும் என்ன ஆகும் என்று கேளுங்கள். நான்கைந்து ஸ்டாப் வேலை செய்தாலே பாமாலைகளுக்குத் தாராளம். கீர்த்தனைகளுக்குக் கீபோர்டும் தபலாவும் இருக்கட்டும், பாமாலைக்கு ஆர்கன் இருக்கட்டும். இரண்டும் ஒரே ஆராதனையில் அழகாகவே போகும்.

இது பொருந்துவது: கட்டிடம் வழிபாட்டுக்கே தொடரும்போது, கூரை நன்றாக இருக்கும்போது.

## உள்நாட்டில் இன்னொரு ஆலயம்

பெரும்பாலானவர்கள் ஆசைப்படுவது இதற்குத்தான், நியாயமான ஆசை. அதே ஊர், அதே டியூனர், கேட்டுப் பழகிய காதுகள். இன்ஸ்டிட்யூட் ஆஃப் பிரிட்டிஷ் ஆர்கன் பில்டிங் புது இடம் தேடும் ஆர்கன்களின் பட்டியல் வைத்திருக்கிறது. அதில் சேருங்கள், திருமண்டல ஆலோசகர் மூலமாகவும் சொல்லி வையுங்கள்.

பட்டியலில் போட்டுவிட்டுக் காத்திருப்பது மட்டும் போதாது. கொடுக்க வந்த ஆர்கன்கள் நிறைய, வாங்க வருபவர்கள் குறைவு. வாங்க வரும் சபைக்கு முக்கியம் அறைக்குப் பொருந்துகிறதா என்பது. சின்ன ஆலயத்துக்குப் பெரிய ஆர்கன் போனால் காது கிழியும், பெரிய இடத்துக்குச் சின்னது போனால் கேட்கவே கேட்காது. இதற்குப் பிரசித்தமான உதாரணம் அமெரிக்காவில் இருக்கிறது. 1904 செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சிக்காகச் செய்த பிரமாண்டமான ஆர்கனை 1909இல் ஃபிலடெல்ஃபியா கடை அதிபர் ஜான் வானமேக்கர் வாங்கினார். பதிமூன்று சரக்கு ரயில் பெட்டிகளில் வந்தது, கட்டி முடிக்க இரண்டு வருஷம் ஆயிற்று, 1911இல் முதன்முதலாக ஒலித்தது. அப்போது அதில் பத்தாயிரத்துச் சொச்சம் குழாய்கள். இருந்தும் ஏழு மாடி உயரமுள்ள அந்த முற்றத்துக்குப் போதவில்லை. பெருக்கிக்கொண்டே போய் இன்று 28,000க்கும் மேல். வானமேக்கரிடம் பணம் இருந்தது. நம் சபைகளில் அறைக்குப் பொருந்தாத ஆர்கன் அப்படியே தங்கிவிடும்.

மறைந்திருக்கும் செலவுகள் இரண்டு. ஒன்று, சுருதி. பல விக்டோரியன் ஆர்கன்கள் இன்றைய சுருதியைவிட நன்றாக மேலே டியூன் செய்யப்பட்டவை. தனியாக ஒலித்தால் தெரியாது, வயலினோ புல்லாங்குழலோ சேர்ந்தால் ஒத்துவராது. மாற்றுவதென்றால் ஒவ்வொரு குழாயிலும் வேலை. இன்னொன்று உங்கள் பக்கத்துச் செலவு: ஆர்கன் போனபின் அதன் பின்னால் இருக்கும் சுவருக்குப் பூச்சே இருக்காது, கீழே தரை சரியாக இருக்காது, அறுந்த ஒயர்கள் தொங்கும். அதைச் சரிசெய்வதற்கான தொகையை யாரும் பட்ஜெட்டில் போடுவதில்லை.

வாங்கும் சபை வாய்வார்த்தையாக "எடுத்துக்கொள்கிறோம்" என்றால் அதை முடிவாக எடுக்காதீர்கள். முன்பணம், பிரிக்கும் தேதி, அந்தத் தேதியிலிருந்து இன்ஷூரன்ஸ் யாருடையது என்பதெல்லாம் எழுத்தில் வேண்டும். நிதி திரட்டிப் பாதியில் நின்றுபோகும் சபைகள் நிறைய. அவர்கள் மேல் குற்றமில்லை, ஆனால் உங்கள் கட்டிடம் அதற்குள் விற்றுவிடும். இரண்டாவது ஆளைக் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள்.

இது பொருந்துவது: ஒன்றிரண்டு வருஷ அவகாசம் இருக்கும்போது, வாங்கும் சபையில் ஏற்கனவே வாசிப்பவர் இருக்கும்போது.

## வெளிநாடு

நம் நாட்டுச் சொத்து வெளியே போகலாமா என்று கமிட்டிகளில் சிலர் தயங்குகிறார்கள். எனக்கு அந்தத் தயக்கம் இல்லை. உள்ளூரில் அரைமனதோடு எடுப்பவரைவிட, வெளிநாட்டிலிருந்து ஆர்கன் பில்டரோடு வந்து ஒவ்வொரு குழாயையும் பார்க்கிறவர் மேல். ஜெர்மனி, நெதர்லாந்து, போலந்துப் பக்கம் ஆங்கிலேய ஆர்கன்களின் மென்மையான குரலுக்கு ஆர்வலர்கள் இருக்கிறார்கள்.

இது எவ்வளவு நன்றாக முடியலாம் என்பதற்குப் பெர்லினைச் சொல்வேன். பாஸ்டனின் ஹூக் சகோதரர்கள் 1870இல் மாசசூசெட்ஸின் வோபர்ன் நகர யூனிட்டேரியன் ஆலயத்துக்குச் செய்த ஆர்கன், அந்த ஆலயம் மூடியபின் கடல் கடந்தது. ஜெர்மனியின் ஓய்லெ நிறுவனம் புதுப்பித்து, 2001இலிருந்து அது பெர்லின் க்ராய்ட்ஸ்பெர்கின் ஹைலிக்-க்ராய்ட்ஸ் ஆலயத்தில் ஒலிக்கிறது. பாஸ்டன் பட்டறையின் குரலை இன்று ஒரு பெர்லின்காரர் நடந்துபோய்க் கேட்கலாம். அமெரிக்காவில் இப்படி இடம் தேடித் தருவதற்கென்றே ஆர்கன் கிளியரிங் ஹவுஸ் 1961இலிருந்து இயங்குகிறது.

சரி, சிக்கல்கள். முதலாவது தந்தம். பழைய ஆர்கன்களின் வெள்ளைக் கட்டைகளில் தந்தத் தகடு ஒட்டியிருக்கலாம். பிரிட்டனின் 2018ஆம் ஆண்டுத் தந்தச் சட்டம் 2022 ஜூனில் அமலுக்கு வந்தது. 1975க்கு முன் செய்த, மொத்தக் கொள்ளளவில் 20 சதவீதத்துக்குக் குறைவாகத் தந்தம் உள்ள இசைக்கருவிகளுக்கு விலக்கு உண்டு. ஆனால் விற்கும் முன் பதிவு செய்தாக வேண்டும். எல்லை தாண்டிப் போக, அழியும் உயிரினங்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தப் பத்திரங்கள் தனி. அமெரிக்கா இதில் இன்னும் கறார். கட்டைகளைக் கழற்றிவிட்டுப் புதிதாகப் போடுவதே எளிது என்று சிலர் முடிவெடுக்கிறார்கள். வரலாற்றுத் தரமுள்ள ஆர்கனில் அதை ஆலோசகரைக் கேட்காமல் செய்யாதீர்கள்.

இரண்டாவது சுங்கம். 2021இலிருந்து ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கு அனுப்ப முழுச் சுங்கப் பத்திரங்கள் தேவை. குழாய்களை அடுக்கும் மரப் பெட்டிகளும் சூடேற்றிப் பதப்படுத்தி முத்திரை இட்டவையாக இருக்க வேண்டும். சாதாரணப் பலகையில் அடித்த பெட்டி எல்லையில் நிற்கும்.

மூன்றாவது மின்சாரம். வட அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. இங்கத்திய புளோவர் மோட்டார் அங்கே வேறு வேகத்தில் சுற்றும், காற்றழுத்தம் மாறும். புது மோட்டார் விலையைச் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

இது பொருந்துவது: நல்ல தரமுள்ள, குறிப்பாக டிராக்கர் வகை ஆர்கனுக்கு உள்ளூரில் ஆள் இல்லாதபோது.

## பள்ளி, அரங்கம்

பார்ப்பதற்குக் கவர்ச்சியான வழி. இளம் பிள்ளைகள் கற்பார்கள், கச்சேரி நடக்கும். நல்லபடி நடந்தால் இதைவிடச் சந்தோஷம் இல்லை. ஆனால் நிறுவனங்களில் ஆர்கனைக் கேட்டு வாங்குவது ஒரு தலைமை ஆசிரியரோ ஒரு இசை ஆசிரியரோதான். அவர் ஓய்வு பெற்றதும் அந்த அறையில் வேறு ஏதாவது செய்ய ஆசை வரும்.

லண்டன் எலிஃபண்ட் அண்ட் காஸில் டிரொக்கடெரோ திரையரங்கில் 1930இல் வைத்த, வுர்லிட்சர் நிறுவனத்தின் பெரிய சினிமா ஆர்கனின் வாழ்க்கை இதற்குப் பாடம். திரையரங்கு 1963இல் இடிபடும் முன்பே சினிமா ஆர்கன் அன்பர்கள் அதைக் காப்பாற்றிவிட்டார்கள். பிறகு ஒரு தெற்கு லண்டன் பாலிடெக்னிக்கில் நிறுவினார்கள். அங்கிருந்தும் 2004 வாக்கில் அகற்ற வேண்டி வந்தது. மறுபடி ஒலித்தது 2015இல், ஸ்டெப்னியின் டிராக்ஸி அரங்கில். அது உயிரோடு இருப்பதற்குக் காரணம் எந்தக் கட்டிடமும் அல்ல, கட்டிடம் மாறினாலும் விடாமல் பின்னால் நின்ற ஒரு சங்கம். எனவே நிறுவனத்துக்குக் கொடுக்கும்போது, "எங்களுக்கு வேண்டாம் என்றால் இன்னாருக்கு முதலில் தகவல் சொல்வோம்" என்று ஒரு வரி ஒப்பந்தத்தில் போடுங்கள். ஒரு பைசா செலவில்லை.

இது பொருந்துவது: ஒரு ஆளை நம்பாமல், ஒரு குழுவோ அறக்கட்டளையோ பொறுப்பேற்கும்போது.

## தனி வீடு

நான்கைந்து ஸ்டாப் உள்ள சின்ன ஆர்கனுக்கு மட்டும். இங்கத்திய சாதாரண வீட்டுக் கூரை சுமார் 2.4 மீட்டர். எட்டடித் திறந்த குழாய் நிமிர்ந்து நிற்காது. மேலே அடைத்த மரக்குழாய் பாதி நீளத்திலேயே அதே சுருதி தரும் என்பதால் வீட்டு அறைக்கென்றே செய்த பழைய சேம்பர் ஆர்கன்கள் வீட்டுக்குள் அடங்குகின்றன. வாங்குபவர் உயிராகப் பார்த்துக்கொள்வார், அதில் சந்தேகமே வேண்டாம். அவருக்குப் பின் பிள்ளைகள் இதே கேள்வியோடு வருவார்கள், அவ்வளவுதான்.

## கிடங்கு

"இப்போதைக்குப் பிரித்து வைப்போம், அப்புறம் பார்த்துக்கொள்வோம்." கமிட்டிக் கூட்டத்தில் எல்லோரையும் சமாதானப்படுத்தும் வாக்கியம் இது. நான் இதற்கு எதிரி.

பாஸ்டன் மியூசிக் ஹாலுக்காக ஜெர்மனியின் வால்க்கர் பட்டறையிலிருந்து வந்து 1863இல் ஒலித்த புகழ்பெற்ற ஆர்கனை 1884இல் மேடைக்கு இடம் வேண்டும் என்று பிரித்தார்கள். 5,000 டாலருக்கு வாங்கியவர் அதை நிறுவும் முன்பே இறந்துபோனார். பதிமூன்று வருஷம் கொட்டகையில் கிடந்து, 1897 ஏலத்தில் 1,500 டாலருக்குப் போனது. வாங்கிய எட்வர்ட் சேர்ல்ஸ் பெரும் பணக்காரர். மெத்யூயென் ஊரில் அதற்கென்றே ஒரு மண்டபம் கட்டி, 1909இல் திறந்தார். மியூசிக் ஹாலை விட்டு வந்து இருபத்தைந்து வருஷம் ஆகியிருந்தது. நல்ல முடிவுதான். ஆனால் உங்களுக்கு ஒரு சேர்ல்ஸ் வருவாரா?

கிடங்கில் வைத்த ஆர்கன் மூன்று வகையில் தேய்கிறது. வாடகை ஏறுகிறது. ஈரத்தில் தோலும் மரமும் போகின்றன, மேலே வேறு சாமான் அடுக்கிக் குழாய் நசுங்குகிறது. எது எங்கே சேரும் என்று தெரிந்தவர் ஓய்வு பெற்றுவிடுகிறார். கடைசி நஷ்டம்தான் பெரியது. கிடங்கு தவிர வழியே இல்லை என்றால், பிரிக்கும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுங்கள், ஒவ்வொரு ஸ்டாப்பும் ஒலிப்பதைப் பதிவு செய்யுங்கள், ஒவ்வொரு தட்டிலும் ஸ்டாப் பெயரையும் எந்தச் சுரத்திலிருந்து எதுவரை என்பதையும் எழுதுங்கள், எழுத்தில் ஒரு கடைசித் தேதி வையுங்கள். அந்தத் தேதிக்குள் வீடு கிடைக்காவிட்டால் அடுத்த வழிக்குப் போய்விட வேண்டும்.

## பாகங்களாகப் பிரிப்பது

மனசு கேட்காது, ஆனாலும் சொல்ல வேண்டும். சான்றிதழ் இல்லாத, பலமுறை மாற்றி மாற்றிக் கெடுத்த, காற்றுப்பெட்டி வெடித்த ஆர்கனை முழுசாகக் காப்பாற்ற முயல்வதில் வரும் பணமும் உழைப்பும், காப்பாற்ற வேண்டிய இன்னொன்றுக்குப் போகலாம். அதன் நல்ல குழாய்கள் வேறு ஆர்கனில் உடைந்துபோன வரிசையை நிரப்பும். நன்றாக இருக்கும் புளோவருக்கும், வீட்டில் பயிற்சி செய்யும் மாணவர்களுக்காகப் பெடல் கட்டைகளுக்கும் பெஞ்சுக்கும்கூட ஆள் இருக்கிறார்கள்.

இதை ஆர்கன் பில்டர் மூலம் செய்யுங்கள். பழைய உலோகக் கடைக்காரருக்குக் குழாய் என்பது ஈயமும் தகரமும் மட்டும். உருக்கினால் கிடைக்கும் தொகை, ஆலயத்தை ஒரு குளிர்காலம் சூடாக்கக்கூடப் போதாது. முன்பக்கத்து வர்ணம் பூசிய குழாய்களை மட்டும் அலங்காரத்துக்கு வைத்துக்கொண்டு மற்றதை எறிவது வழக்கமாகிவிட்டது. பின்னால் இருப்பவைதான் பாடுகின்றன என்பதைக் கமிட்டியில் ஒருவராவது எழுந்து சொல்ல வேண்டும்.

## தமிழ்நாட்டுக்குக் கொண்டுபோகலாமா?

"எங்கள் ஊர் ஆலயத்துக்கு அனுப்பலாமே" என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் காலத்தில் நடந்ததுதான். சென்னை செயின்ட் ஆண்ட்ரூஸ் கர்க்கின் ஆர்கன் யார்க்‌ஷயரின் பீட்டர் கொனாக்கர் பட்டறையிலிருந்து 1883இல் வந்தது. இன்றைக்கும் முடியும், ஆனால் நிபந்தனைகளோடு. ஈரக் காற்றும் கறையானும் மரத்தையும் தோலையும் விடாது. இந்தியாவில் ஆர்கன் பழுது பார்க்கத் தெரிந்தவர்கள் வெகு சிலர். சின்ன டிராக்கர் ஆர்கனாக இருக்க வேண்டும், பழைய காற்றழுத்த வகை வேண்டவே வேண்டாம். கப்பல் கட்டணத்துக்குச் சேர்த்த பணத்தில் ஒரு பகுதியைத் தனியாக எடுத்து, அந்தச் சபையிலிருந்து ஒருவரை இங்கே வரவழைத்து, பிரிக்கும்போது கூடவே நிற்க வையுங்கள். தன் கையால் கழற்றியவர்தான் அங்கே சரியாகப் பூட்டுவார், பருவமழை முடிந்ததும் ஒட்டிக்கொண்ட கட்டையை விடுவிப்பதும் அவராகத்தான் இருக்கும். அப்படி ஒருவர் கிடைக்காத சபைக்கு அனுப்பாதீர்கள்.